செட்டிநாட்டு ஊரில் பெண்கள் கபடி அணி: பொட்டல் பிடிப்பது முதல் போட்டிக்குப் போவது வரை

எங்கள் பக்கம் விளையாட்டுக்குக் குறைவே கிடையாது. தை பிறந்துவிட்டால் சிறாவயல் மஞ்சுவிரட்டு, அப்புறம் ஊருக்கு ஊர் மாட்டுவண்டிப் பந்தயம், கோயில் திருவிழா வந்தால் விடிய விடியக் கபடி. இதில் பெண்களுக்கு ஒதுக்கியிருப்பது கோலப் போட்டியும் மியூசிக்கல் சேரும்தான். அதுவும் வருஷத்தில் ஒரே நாள். பெண் பிள்ளைகளுக்கு விளையாட வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்பு வரை பையன்களை ஓடித் தொட்டவள், வயசுக்கு வந்த மாதத்தோடு வீட்டுக்குள் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அவள் பொட்டலுக்கு வருவது திருவிழா பார்க்கத்தான்.

12, 13 வயதில் விழும் அந்தத் திரையை விலக்க நினைக்கும் யாருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், மகளிர் குழுவில் இருக்கலாம், பள்ளியில் கபடி ஆடிவிட்டுக் கல்யாணத்தோடு நிறுத்தியவராக இருக்கலாம். காரைக்குடியைச் சுற்றி இருக்கும் ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஏன் கபடி? பந்து வேண்டாம், வலை வேண்டாம், மட்டை வேண்டாம். மண்ணும் மூச்சும் போதும். எல்லோருக்கும் விதி ஏற்கெனவே தெரியும். வழியும் மேலே வரை திறந்திருக்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் கபடி 2010 முதல் இருக்கிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த இறுதி ஆட்டத்தில் சீன தைபேயை 26-25 என்று ஒரே புள்ளியில் வென்று இந்தியப் பெண்கள் வாங்கிய தங்கம்தான் அந்தப் போட்டியில் நாட்டுக்கு 100ஆவது பதக்கம். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா ஆடினார். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆனால் பதக்கத்தைக் காட்டி ஆள் சேர்க்காதீர்கள். பத்துப் பேரில் ஒருத்திக்குக்கூட அது கிடைக்காமல் போகலாம். பத்துப் பேருக்கும் கிடைக்க வேண்டியது, ஊருக்குள் தங்கள் பேரில் ஒரு இடமும் நேரமும்.

1. முதலில் இரண்டு பெண்கள்

பிள்ளைகளைத் தேடுவதற்கு முன்னால், வாரத்தில் நான்கு நாள் மாலை வந்து நிற்கக்கூடிய இரண்டு வளர்ந்த பெண்களைத் தேடுங்கள். ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு. இருவருக்கும் கபடி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவருக்குத் தெரிந்தால் போதும். மற்றவர் ஊரில் எல்லா வீட்டிலும் போய்ப் பேசக்கூடியவராக இருக்கட்டும். அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி மாதிரியானவர்கள் சரியாக இருப்பார்கள்.

ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் காரைக்குடிக்குப் போங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரியில் பெண்களும் படிக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பெண் யாராவது அங்கே படித்தால் வாரம் ஒரு நாள் வரச் சொல்லிக் கேட்கலாம். பஸ் செலவும் சாயங்காலப் பலகாரமும் நம் பொறுப்பு. ஆண் பயிற்சியாளர் வரக் கூடாது என்று சொல்ல மாட்டேன். நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர் இருக்கும் நேரம் முழுக்க அந்த இரண்டு பெண்களில் ஒருவராவது பொட்டலில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

2. பொட்டலும் நேரமும்

முக்கால்வாசி முயற்சிகள் இங்கேதான் முறிகின்றன. ஆட்டம் தொடங்கி மூன்றாம் வாரம் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு வந்து நிற்பார்கள். “கொஞ்ச நேரம் தள்ளி ஆடுங்களேன்” என்பார்கள். ஒரு நாள் தள்ளினால் பிறகு தினமும் தள்ள வேண்டியதுதான். அதனால் இடம் யாருடையது, எந்த நேரம் யாருக்கு என்பதை முதலிலேயே பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எளிதாகக் கிடைப்பது பள்ளி மைதானம். தலைமையாசிரியரிடம் மட்டும் கேட்டால், அவர் மாற்றலாகிப் போனதும் அனுமதியும் போய்விடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம் அம்மாக்களே அதில் இருப்பார்கள்.

பள்ளி மைதானம் இல்லையென்றால் ஊர்ப் பொட்டல். அது புறம்போக்கா, கோயிலுக்குச் சொந்தமா, பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தனியார் இடமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போது நேரில் பார்த்துக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. காவல் இருப்பவரின் வாய்ச்சொல்லை நம்பி மண்ணைக் கொத்த வேண்டாம்.

ஊராட்சி இடம் என்றால் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கட்டாயம் நடக்கும். மனுவில் நீட்டி எழுத வேண்டாம். “இன்ன இடத்தில் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி மாலை 4.45 முதல் 6.15 வரை பெண்கள் விளையாட்டுக்கு ஒதுக்க வேண்டும்” என்று ஒரே வரி போதும். அதை வாசிப்பது நீங்களாக இருக்க வேண்டாம். பத்தாவது படிக்கும் பிள்ளை எழுந்து வாசிக்கட்டும். கை நடுங்கும், குரல் கம்மும், பரவாயில்லை. ஊர் முன்னால் மைக்கைப் பிடித்துத் தனக்கு வேண்டியதைக் கேட்ட பிள்ளை, அடுத்த மாதம் வங்கியிலும் பேசுவாள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள். 2024 முதல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள். உங்கள் ஊராட்சிக்கு வந்தது எங்கே இருக்கிறது, யார் எடுத்து ஆடுகிறார்கள் என்று விசாரியுங்கள். அதில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

இடம் பார்க்கும்போது வெளிப்படையாக யோசிக்க வேண்டிய ஒன்று சாதி. எந்தத் தெருப் பிள்ளையும் தயங்காமல் வந்து நிற்கக்கூடிய பொட்டலாக இருக்க வேண்டும். சில ஊர்களில் கோயில் முன்னால் இருக்கும் இடம் அழகாக இருக்கும், ஆனால் எல்லோரும் வர மாட்டார்கள். அந்த இடம் வேண்டாம், பள்ளிக்கோ பெரிய ரோட்டுக்கோ பக்கத்தில் பாருங்கள். கபடி தொட்டு ஆடும் ஆட்டம். தண்ணீர்க் குடம் ஒன்றுதான், தம்ளரும் ஒன்றுதான் என்று முதல் நாளே வைத்துவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காத வீட்டைக் கெஞ்ச வேண்டியதில்லை.

நேரத்துக்கு ஒரு குறிப்பு. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே மசமசவென்று ஆகிவிடும். அந்த இரண்டு மாதம் அரை மணி முன்னால் முடியுங்கள். கத்திரி வெயிலில் மாலை ஐந்தரைக்கு முன்னால் மண்ணில் கால் வைக்க முடியாது. அப்போது காலை ஆறு மணிக்கு மாற்றுங்கள், ஆனால் அம்மாக்களைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். காலையில் தண்ணீர் பிடிப்பது யார் என்ற கேள்வி எல்லா வீட்டிலும் இருக்கிறது.

3. வீடு வீடாகப் போவது

அப்பாவிடம் கேட்டால் போதும் என்று நினைப்போம். எங்கள் பக்கம் பல வீடுகளில் முடிவு அப்பத்தாவிடம் இருக்கிறது. அவரிடமே நேராகப் போங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அப்பத்தா, பேத்தியை வாரத்துக்கு நாலு நாள் பொட்டலுக்கு அனுப்பணும். நானே கூட்டிட்டுப் போயி நானே கொண்டுவந்து விடுறேன்.”

“கையைக் காலை ஒடிச்சுக்கிட்டா நாளைக்கு யாரு ஆத்தா கட்டுவா?”

“ஒடியாம விழத்தான் முதல் மாசம் பூரா சொல்லிக்கொடுக்கப்போறேன். ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்க. பிடிக்கலைன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க.”

அவரோடு வாதம் செய்யாதீர்கள். பெண் விடுதலை பற்றிப் பேச அது இடமில்லை. வந்து பார்க்கச் சொல்லுங்கள், வந்தால் நாற்காலி போடுங்கள். பொட்டல் ஓரம் இரண்டு அப்பத்தாக்கள் உட்கார்ந்திருக்கும் நாளில் வேலியில் சாய்ந்து கிண்டல் பேசும் கூட்டம் தானாகக் கலைந்துவிடும்.

எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்விகள் நாலைந்துதான். கறுத்துப் போவாளே? மாலை நேரத்தில்தான் ஆடப்போகிறாள். படிப்பு கெடுமே? பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து பாதி நேரம்தான் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். என்ன உடுப்பு? டிராக் பேன்ட், கையுள்ள பனியன். அரைக்கால் உடுப்பு எல்லாம் பிள்ளைகள் விரும்பினால், வெளிப் போட்டிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். அதை முதல் நாள் சண்டையாக்க வேண்டாம். உள்ளே இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா வேண்டும் என்பதை மட்டும் அம்மாவிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அது இல்லாததால் ஓட வெட்கப்பட்டே எத்தனையோ பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

பெற்றோர் கையெழுத்து வாங்கும் தாளில் பிள்ளையின் பேர், பிறந்த தேதி, வீட்டு போன் எண், ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு ஏதாவது உண்டா என்பது, ரத்தப் பிரிவு ஆகியவை இருந்தால் போதும்.

4. களம் போடுவது

பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சுற்றிலும் இன்னும் மூன்று நான்கு மீட்டர் வெற்றிடம் வேண்டும். தூக்கி எறியப்படுபவள் கல்லிலோ கம்பத்திலோ போய் விழக் கூடாது.

நம் ஊர் மண் செம்மண், அடியில் சரளை. மேலே பார்க்கப் பொடியாக இருக்கும், முட்டி பட்டால் அரைத்துவிடும். அதோடு சீமைக் கருவேலம். மரத்தை வெட்டினாலும் முள் மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். அதனால் களம் வரும் இடத்தையும் சுற்றி ஒரு மீட்டரையும் அரை அடி முதல் ஒரு அடி வரை வெட்டி எடுங்கள். எடுத்த மண்ணைச் சல்லடையில் சலித்து, கல்லும் முள்ளும் பாட்டில் சில்லும் போனபின், மரத்தூள் கலந்து திரும்பக் கொட்டுங்கள். மரத்தூள் காரைக்குடி மர அறுவை மில்களில் கிடைக்கும். புதுவயல் அரிசி மில் உமி மலிவுதான், ஆனால் காய்ந்தால் குத்தும், காற்றில் பறந்து கண்ணில் விழும், வேண்டாம். கண்மாய் வண்டல் நல்ல மண். அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். கொட்டியபின் தண்ணீர் தெளித்து மெல்ல இறுக்குங்கள். கால் வைத்தால் தடம் விழ வேண்டும், குழி விழக் கூடாது.

இனி கோடு. இந்த வேலையை முழுக்கப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஒரு முளை அடித்து அதிலிருந்து 12 மீட்டர் கயிறு பிடித்து இரண்டாவது முளை. மூலை சரியாக வர, முதல் முளையிலிருந்து நீளக் கோட்டில் 4 மீட்டரில் ஒரு குறி வையுங்கள். அகலப் பக்கம் 3 மீட்டரில் இன்னொரு குறி. இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 5 மீட்டர் வரும்வரை அகலக் கயிற்றை நகர்த்துங்கள். வந்துவிட்டால் மூலை மட்டம். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பிதாகரஸ் தேற்றம் காலுக்கு அடியில் வேலை செய்வதைப் பார்த்து அவர்களுக்கே சிரிப்பு வரும். நான்கு மூலையும் வைத்தபின் குறுக்காக அளந்து பாருங்கள், இரண்டு பக்கமும் 14.42 மீட்டர் வர வேண்டும்.

நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 3 மீட்டரில் பாக் லைன் (பாடிப் போகிறவள் தாண்ட வேண்டிய கோடு), அங்கிருந்து 1 மீட்டரில் போனஸ் லைன் (கூடுதல் புள்ளிக்கான கோடு), அதற்குப் பின்னால் கடைசிக் கோடு வரை 2 மீட்டர். அந்த 8 மீட்டர் அகலத்துக்குள்ளேயே நீளவாக்கில் இருபுறமும் 1 மீட்டர் ஓரப்பட்டை, அதுதான் லாபி. சுண்ணாம்புத் தூள் போடவே கூடாது. முகம் மண்ணில் படும் ஆட்டம் இது, சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிவிடும். கல்லுமாவுக் கோலப்பொடி போடுங்கள். நேர்க்கோடு இழுக்க இந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

5. முதல் எட்டு வாரம்

முதல் நாளே ஆட்டம் போட்டால் மூன்றாம் நாள் யாராவது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பாள். அப்பத்தாவிடம் கொடுத்த வாக்கு நினைவிருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம்: ஓட்டம், திரும்புதல், விழுதல். கைகளை முன்னால் ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போகும். தோளைக் கொடுத்து உருளப் பழக்குங்கள். குதித்து இறங்கும்போது முட்டிகள் உள்பக்கம் ஒட்டாமல், பாதத்துக்கு நேராக மடங்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம். இறங்கும் முறையைப் பழக்கினால் அந்த ஆபத்து குறைகிறது. ஒற்றைக் காலில் நிற்பது, பாதி உட்கார்ந்து எழுவது, பக்கவாட்டில் தாவுவது என்று பத்து நிமிடம் தினமும் உடம்பைச் சூடாக்கியபின்தான் களம்.

மூன்றாம், நான்காம் வாரம்: பாட்டு. ஒரே மூச்சில் “கபடி கபடி” சொல்லிக்கொண்டு நடப்பது, பிறகு ஓடுவது, பிறகு ஓடித் தொடுவது. எதிரணிப் பக்கம் பாடிப்போய்த் தொட்டுத் திரும்பும் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. இப்போதைக்கு எதிரணியைத் தொட்டால் போதும், பிடி கிடையாது. இங்கே ஒரு விஷயம் கவனித்தேன். பிள்ளைகளுக்குக் கால் ஓடும், குரல் வெளியே வராது. பொது இடத்தில் சத்தமாகப் பேசாதே என்றே வளர்ந்தவர்கள். கேட்காத குரலுக்கு நடுவர் ரெய்டை நிறுத்திவிடுவார். அதனால் தனியாக நிற்க வைத்து எதிர்க் கோட்டில் இருப்பவளுக்குக் கேட்கும் வரை சொல்லச் சொல்லுங்கள். சில பேருக்கு இரண்டு வாரமும் இதற்கே சரியாகப் போகும். போகட்டும். அணியில் எனக்குப் பிடித்த மாற்றம் இந்தக் குரல்தான்.

ஐந்தாம் வாரத்திலிருந்து பிடி. முதலில் கணுக்கால் பிடி, பிறகு தொடைப் பிடி, அப்புறம் இருவர் கை கோர்த்த செயின். ஒத்த எடை உள்ளவர்களை ஜோடி சேருங்கள். கழுத்தையோ முடியையோ உடுப்பையோ பிடித்து இழுப்பது தவறு என்பதைப் பிடி கற்றுக்கொடுக்கும் அதே நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். ஏழாம், எட்டாம் வாரம் முழு ஆட்டம். ஏழு பேர் களத்தில், அணியில் மொத்தம் பன்னிரண்டு. பெண்களுக்கு 15 நிமிடம் வீதம் இரண்டு பாதி. எதிரணியில் எல்லோரும் அவுட்டானால் லோனா, இரண்டு புள்ளி. போனஸ், சூப்பர் டேக்கிள் மாதிரிக் கூடுதல் புள்ளி விதிகள் எல்லாம் பிறகு.

களத்தில் இறங்கும் முன் நகம் வெட்டியாச்சா, கொலுசு, வளையல், தோடு, மூக்குத்தி கழற்றியாச்சா, ஹேர்பின் எடுத்தாச்சா என்று ஒருத்தி பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு வாரம் ஒருத்திக்கு. கல்யாணமான பெண்கள் ஆட வந்தால் கழுத்துச் சரடு பெரிய கேள்வியாக வரும். பிடிக்கும்போது அது இழுபட்டால் தொண்டையை அறுக்கும். கழற்றுவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும், நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். கழற்ற மனமில்லாதவர்களுக்குப் பிடி இல்லாத தொட்டு ஆட்டமோ எறிபந்தோ வையுங்கள். அதே பொட்டல், அதே நேரம்.

6. சாப்பாடு, ரத்தம், மாதவிடாய்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. கபடி மூச்சின் ஆட்டம். ரத்தம் குறைந்தால் மூச்சு தாங்காது. இரண்டு ரெய்டில் கண் இருட்டுகிறது என்பவளைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்படி மாத்திரை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் கழியட்டும். முருங்கைக்கீரை எல்லா வீட்டுக் கொல்லையிலும் நிற்கிறது. எலுமிச்சை பிழிந்தால் சத்து கூடுதலாகச் சேரும்.

ஆட்டத்துக்கு ஒரு மணி முன்னால் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. முடிந்தபின் வேகவைத்த நிலக்கடலை, முட்டை, மோர். பள்ளிக்கூடம் விட்டு வெறும் வயிற்றோடு வருகிறவள் யார் என்று பாருங்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்காமல் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

மாதவிடாய் நாளில் ஆடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் விருப்பம். ஆடினால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, வலி இருந்தால் உட்காரட்டும். “இன்னைக்கு உட்கார்றேன் அக்கா” என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். நாப்கின், பழைய செய்தித்தாள், ஒரு மூடி போட்ட வாளி, பக்கத்து வீட்டில் ஒரு கழிப்பறை. இந்த நாலும் இல்லாமல் பயிற்சி தொடங்க வேண்டாம். அரசின் புதுயுகம் திட்ட இலவச நாப்கின் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கிடைக்கிறது. கடும் பயிற்சியில் மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் போனால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பிள்ளைகளின் உடம்பைப் பற்றி யாரும் பேச்சு வளர்க்கக் கூடாது. “ஆம்பளை மாதிரி இருக்கா”, “மீசை பார்” என்பதெல்லாம் பொட்டலில் ஒலிக்கவே கூடாது. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து போன சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள், ஊரறிய அவமானப்படுத்தினார்கள். செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்கும் நிலை அவருக்கு வந்தது. ஆனாலும் அவர் பயிற்சியாளராக எழுந்து வந்தார். நம் மண்ணில் பிறந்த ஓட்டக்காரிக்கு நடந்ததை மறக்காமல் இருந்தால், இந்த விதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும்.

7. பாதுகாப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஒன்றையும் விட வேண்டாம். யாரும் தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது, தெரு வாரியாகச் சேர்ந்து போகட்டும். பயிற்சியாளர் எந்தப் பிள்ளைக்கும் தனியாகப் போன் செய்யவோ செய்தி அனுப்பவோ கூடாது, அம்மாக்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். பிள்ளைகளின் படத்தை வீட்டார் சம்மதமில்லாமல் எங்கும் போட வேண்டாம். யாராவது தப்பாகத் தொட்டார்கள் என்று பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2012 போக்சோ சட்டம் இருக்கிறது, ஊருக்குள் பேசி முடிக்கும் விஷயம் அல்ல அது. குழந்தைகள் உதவி எண் 1098, பெண்களுக்கு 181. அடிபட்டால் ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது. எலும்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் அசைக்காமல் 108. எண்ணெய் போட்டு நீவிவிடும் ஆட்களிடம் போக வேண்டாம்.

8. பணமும் கணக்கும்

பெரிய செலவு உடுப்பும் பயணமும்தான். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் போனால் பெண்களுக்குப் பயணம் இலவசம். நன்கொடை கேட்பதில் வெட்கமில்லை. கோயிலுக்கும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அள்ளிக் கொடுத்த ஊர்கள் இவை. பனியனில் பேர் போடக் கேட்டால் போட்டுக் கொடுங்கள். யாரை அணியில் எடுப்பது, எங்கே ஆடுவது என்பதில் கை வைத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு எழுதுவது பிள்ளைகள்தான். செட்டிநாட்டுக் கணக்குப் பிள்ளைகளின் பேரேடும் ஐந்தொகையும் (வரவு செலவு இருப்பைத் தொகுத்துக் காட்டும் கணக்கு) கடல் கடந்து பேர் வாங்கியவை. அந்தப் பேரேட்டில் பெண்கள் கை பட்டது அபூர்வம். மூன்று மாதத்துக்கு ஒருத்தி பொருளாளர். வரவு, செலவு, ரசீது, கையிருப்பு. காலாண்டு முடிவில் அம்மாக்கள் முன்னால் ஐந்தொகை எடுத்து வாசிக்க வேண்டும். கேப்டன், பொருளாளர், தண்ணீர்ப் பொறுப்பு, கோடு போடும் பொறுப்பு எல்லாம் சுற்றில் வரட்டும். நல்லா ஆடுகிறவளே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். கபடியில் திறமை குறைந்த பிள்ளை ஒருத்தி, வட்டாட்சியர் அலுவலகத்தில் போய் மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கிவந்தால், அந்த அணி நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

9. முதல் ஆட்டமும் அதற்கு மேலும்

வெளியூர் போட்டிக்கு ஓடுவதற்கு முன் சொந்த ஊரில் ஒரு ஆட்டம். பொங்கல் விளையாட்டுக் குழுவிடம் பெண்கள் கபடியையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நடு இரவில் வேண்டாம், மாலை வெளிச்சத்தில். பரிசுத் தொகை ஆண்களுக்கு எவ்வளவோ அவ்வளவு. இதைக் கேட்கத் தயங்காதீர்கள். எதிரணி கிடைக்காவிட்டால் உங்கள் அணியையே இரண்டாகப் பிரித்து ஆடுங்கள். நடுவர் பெண்ணாக இருந்தால் நல்லது. விசிலை ஊதப் பழகிய மூத்த பிள்ளைகளே ஆறு மாதத்தில் நடுவராக நிற்கலாம்.

அதற்குப் பிறகு வழிகள் இவை. பள்ளி மாணவிகளுக்கு 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும் போட்டிகள். பள்ளியில் கபடி அணி இல்லையென்றால் உடற்கல்வி ஆசிரியரிடம் உங்கள் பிள்ளைகளின் பட்டியலைக் கொடுங்கள். முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி தவிர 15 முதல் 35 வயது வரை பொதுப்பிரிவும் உண்டு, கல்யாணமான முப்பது வயதுப் பெண்ணுக்கும் இடம் இருக்கிறது. பதிவு இணையத்தில், அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்குள். மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகத்தின் போட்டிகளுக்கு வயதோடு எடை வரம்பும் உண்டு. எடை குறைக்கப் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள், அடுத்த பிரிவில் ஆடட்டும். நன்றாக ஆடுகிறவளுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி இருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. தேர்வு வழக்கமாகக் கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். சிவகங்கையில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் மார்ச்சிலேயே விசாரியுங்கள்.

10. சான்றிதழ்

தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. எல்லாச் சான்றிதழும் அங்கே செல்லாது. அங்கீகாரம் பெற்ற கழகமோ அரசோ பள்ளிக் கல்வித்துறையோ நடத்திய போட்டியாக இருக்க வேண்டும், எந்த மட்டம், என்ன இடம் என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறும். திருவிழாக் கோப்பைகள் அலமாரிக்கு அழகு, விண்ணப்பத்துக்கு உதவாது. இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பேர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் இருப்பது போலவே இருக்கிறதா, தேதியும் வயதுப் பிரிவும் எழுதியிருக்கிறதா, கையெழுத்துக்குக் கீழே முத்திரை இருக்கிறதா? ஒரு எழுத்து தவறினாலும் அன்றைக்கே திருத்தி வாங்குங்கள், நாலு வருஷம் கழித்து அந்தக் கையெழுத்துக்காரரைத் தேடிப் பிடிக்க முடியாது. லேமினேட் செய்யாதீர்கள், சரிபார்ப்பின்போது பின்பக்கத்திலும் கையெழுத்தோ முத்திரையோ போட வேண்டி வரலாம். அசலைப் பயிற்சியாளர் வீட்டில் வைக்கும் வழக்கத்தை முதலிலேயே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள். நகல் மட்டும் அணியின் பெட்டியில் இருக்கட்டும்.